யோகராசா சுகமாயிருக்கட்டும்

எனக்குக் கோபம் வரும் என்று ஊரில் சொல்கிறார்கள். பொய். எனக்குக் கோபம் வருவதில்லை; யோகராசா வரவைக்கிறான். இந்த வித்தியாசத்தை உப்புவெளியில் ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. விளங்கப்படுத்தப் போனால் எனக்குக் கோபம் வந்துவிடுகிறது.

யோகராசா என் பக்கத்து வீட்டுக்காரன். தபாற்கந்தோரில் முத்திரை குத்துகிற வேலை. ஆள் ஒல்லி, பார்த்தால் பாவம் போல இருப்பான், அதிலே ஏமாந்துவிடக் கூடாது. அவன் வளவுக்கும் என் வளவுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலி. ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன்னம் வேலி அடைக்கும்போது, வேலியைத் தாங்கும் கதியால் கம்புகளை ஒரு சாண் என் பக்கம் தள்ளி நடுவான். பதினான்கு வருடம், பதினான்கு சாண். இதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று தினமும் சொல்வேன். கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன், அவ்வளவுதான். என் மனைவி புஷ்பவதி ஒருநாள் கயிறு பிடித்து அளந்துவிட்டு, "எல்லாமாய் ரெண்டு விரற்கடை" என்றாள். அன்றைக்கு நான் கயிற்றோடும் சண்டை பிடித்தேன்.

நாற்பத்திரண்டாம் ஆண்டு, சித்திரை வருடப் பிறப்புக்கு நாலைந்து நாள் இருக்க, ஜப்பான்காரன் ஆகாயக் கப்பலில் வந்து திருகோணமலையில் குண்டு போட்டான். எண்ணெய்த் தாங்கி நாட்கணக்கில் எரிந்தது. ஊர்ச்சனம் பெட்டி படுக்கையோடு கிளம்பியது. நானும் புஷ்பவதியைக் குச்சவெளியில் இருக்கும் அவளுடைய தமக்கை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டேன். எனக்கு டொக்யார்டில் பெயின்ட் ஸ்டோர் கிளாக்கர் வேலை. யுத்த காலத்தில் அதை விட்டுவிட்டு அசைய ஏலாது.

வைகாசி பிறந்ததும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். யோகராசாவின் பெண்சாதி இராசமலர் மூன்று கோழியோடு போய் ஏழு கோழியோடு வந்தாள். புஷ்பவதி வரவில்லை. ஆனியிலும் வரவில்லை. ஆடியில் ஒரு கடுதாசிதான் வந்தது.

"குண்டுக்குப் பயந்து நிக்கிறன் எண்டு நினையாதேங்கோ," என்று எழுதியிருந்தாள். "ஜப்பான்காரன் ஒரு நாள்தான் போட்டவன். நீங்கள் பதினாலு வருஷமா ஒவ்வொரு நாளும் போடுறியள். இஞ்ச வந்தாப் பிறகுதான் விடியக்காலமை குருவி கத்துறது எனக்குக் கேட்டுது. நாற்பது நாள் நீங்கள் சத்தம் போடாமல் இருந்தால் வாறன். நாற்பதும் முடிய, யோகராசா தம்பி எனக்கு ஒரு கடுதாசி எழுதோணும். உங்கட சத்தம் ஆருக்குக் கூடுதலாக் கேக்குதோ அவர்தான் சாட்சி."

பார்த்தீர்களா அநியாயத்தை! உலகத்தில் வேறு சாட்சி இல்லையா? அந்தக் கடுதாசியை மூன்று தரம் வாசித்தேன். முதல் தரம் கத்தினேன். இரண்டாம் தரமும் கத்தினேன். மூன்றாம் தரம் வாசித்து முடித்தபோது, நான் கத்துவதைக் கேட்டு "ஐயோ, மெதுவாக் கதையுங்கோ" என்று சொல்ல வீட்டில் ஆளில்லை என்பது உறைத்தது. குசினிக்குள் போய் ஆறிப்போன அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அழுதேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவள் எனக்கு வேண்டும்.

மறுநாளே நாற்பதைத் தொடங்கினேன். காலை ஆறேகால் மணிக்கு யோகராசா கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு தொண்டையைச் செருமினான். ஒரு மனிதன் செருமலாம். ஆனால் இவன் குடலையே வெளியே எடுத்துக் கழுவி உள்ளே வைப்பதுபோலச் செருமுவான். முதல் நாள் ஆறேகாலோடு முடிந்தது. இரண்டாம் தடவை ஒன்றரை நாள் தாக்குப்பிடித்தேன். மூன்றாம் தடவை நான்கு நாள். பல்லைக் கடித்ததில் கடைவாய்ப் பல் ஒன்று ஆடத் தொடங்கியது.

அந்த நாலாம் நாள் ஸ்டோரில் ஒரு தூரிகையை இரண்டாக முறித்தேன். அதைத் தியோனிஸ் பாஸ் கண்டுவிட்டார். தியோனிஸ் பாஸ் மாத்தறைப் பக்கத்துச் சிங்களவர், மரவேலைக்காரர், என்னைவிட ஆறு வயது இளையவர். போயா என்கிற பௌர்ணமி நாளில் வெள்ளை உடுத்து விகாரைக்குப் போவார். அவர் ஆர்மேலும் கோபப்பட்டதை நான் கண்டதில்லை. அதனாலேயே எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது.

"கிளாக்கர் ஐயா, துரு மேல பெயின்ட் அடிச்சா நிக்குமா?" என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில்.

"நிக்காது. மூண்டு மாசத்தில உரிஞ்சு விழும். ஏன் கேக்கிறீர்?"

"அப்ப ஐயா ஏன் அடிக்கிறது?"

"ஆர் அடிச்சது?"

"ஐயாதான். வாய் மூடுறது பெயின்ட். உள்ளுக்கு துரு அப்பிடியே இருக்குது. முதல்ல அதைச் சுரண்ட வேணும்."

எனக்கு அவரைத் தூரிகையின் மிச்சப் பாதியால் அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் புஷ்பவதியின் கடுதாசி சட்டைப் பைக்குள் இருந்தது. எப்படிச் சுரண்டுவது என்று கேட்டேன்.

அவர் பெயின்ட் தகரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் இருந்தார். தங்கள் விகாரைப் பிக்கு, ஹாமுதுரு, சொன்னதென்று சொன்னார். மனம் அடியில் சுத்தமாகத்தான் இருக்கிறதாம். அழுக்கு வந்து தங்கிப் போகிற விருந்தாளியாம். நாங்கள்தான் பாய் விரித்துச் சோறு போட்டு அதை நிற்பாட்டி வைத்திருக்கிறோமாம். அதைக் கிளப்புவதற்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் கண்ணை மூடி இருந்து நான்கு பேருக்கு நல்லது நினைக்க வேண்டும்.

"முதல்ல தனக்கு. அப்புறம் பிரியமான ஆளுக்கு. அப்புறம் பிரியமும் இல்லை, கோபமும் இல்லை, அப்பிடி ஒரு ஆளுக்கு. கடைசியில எதிரிக்கு. நாலு பேருக்கும் ஒரே மாதிரி வர வேணும்."

"எனக்கு நானே நல்லது நினைக்கிறதோ? அது சுயநலமல்லோ! அதை விடும். மற்ற மூண்டையும் செய்யிறன்."

"விடக்கூடாது ஐயா. அடியில இருந்து சுரண்ட வேணும்."

நான் விட்டுவிட்டேன். பெரிய மனிதன், நாற்பத்தாறு வயது, விடியற்காலையில் எழும்பி இருந்து "கனகரத்தினம் சுகமாயிருக்கட்டும், கனகரத்தினம் சுகமாயிருக்கட்டும்" என்றால் ஆராவது சிரிப்பார்கள்.

பிரியமான ஆள் கஷ்டமில்லை. புஷ்பவதி என்று நினைத்ததும் நெஞ்சு தானாக இளகியது. மூன்றாவது ஆள்தான் வில்லங்கம். எனக்குப் பிரியமும் இல்லாத, கோபமும் இல்லாத ஆள்! திருகோணமலை முழுவதும் தேடினேன். பஸ் கொண்டக்டர்? மிச்சச் சில்லறையை எறிந்து தருகிறவன். கோயில் ஐயர்? திருநீற்றைத் தூரத்தில் இருந்து போடுகிறவர். மீன்காரி, பாண்காரன், சலவைக்காரன், ஒருவரும் தேறவில்லை. கடைசியில் வெளிச்சவீட்டில் விளக்குக் கொளுத்துகிற மனிதரைப் பிடித்தேன். அவரை நான் வாழ்நாளில் கண்டதில்லை; யுத்தம் என்று விளக்கையும் அணைத்து வைத்திருந்தபடியால் அவர் வேலையில் குறை சொல்லவும் வழியில்லை.

நாலாவது ஆளுக்குத் தேடவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆனால் யோகராசாவின் முகத்தை மனதில் கொண்டுவந்தால் அது தனியாக வராது. கையில் கதியாலோடுதான் வரும். நல்லது எங்கே நினைப்பது? அப்போதுதான் பெனியன் ஞாபகம் வந்தது. ஆனியில் கச்சான் காற்றுக்கு அவன் கொடியிலிருந்து ஒரு பெனியன் பறந்துவந்து என் முருங்கை மரத்தில் சிக்கியிருந்தது. அதை நான் எடுத்து வைத்துக்கொண்டு, "வேலியைத் தள்ளி நட்டாத்தான் பெனியன்" என்று அறிவித்திருந்தேன். இப்போது அதை எடுத்து முருங்கையடியில் ஒரு சாக்கின்மேல் விரித்தேன். முகத்தைவிட பெனியனுக்கு நல்லது நினைப்பது லேசாக இருந்தது.

அதற்குப் பிறகு வாய் மறுத்தது. "யோகராசா சுகமாயிருக்கட்டும்." எவ்வளவு சின்ன வசனம்! "யோக" வரை வரும். அதற்கு அங்காலே நாக்கு மாட்டேன் என்று நிற்கும். தமிழில் சொன்னால் என்ன சொல்கிறேன் என்பது எனக்கே விளங்குகிறதல்லவா, அதுதான் கரைச்சல். தியோனிஸ் பாஸிடம் முறையிட்டேன். "சரி, எங்கட பாஷையில சொல்லுங்க" என்று சொல்லித் தந்தார்: நிதுக் வேவா, நிரோகி வேவா, சுவபத் வேவா. துன்பம் இல்லாமல் இருக்கட்டும், நோய் இல்லாமல் இருக்கட்டும், சுகமாய் இருக்கட்டும் என்று அர்த்தம். அது தொண்டையில் சிக்காமல் வந்தது.

ஆகவே, ஒவ்வொரு நாளும் சூரியன் கடலைவிட்டு எழும்பும் நேரம், யோகராசாவின் வீட்டைப் பார்த்தபடி, அவனுடைய பெனியனை முன்னால் விரித்து, கண்ணை மூடி, "யோகராசா நிதுக் வேவா! யோகராசா நிரோகி வேவா! யோகராசா சுவபத் வேவா!" என்று நூற்றெட்டுத் தரம் சொன்னேன். கணக்குத் தவறாமல் இருக்க ஒவ்வொரு தரமும் ஒரு புளியங்கொட்டையைச் சிரட்டைக்குள் போட்டேன். எறும்பு கடித்தது, அதனால் என்னைச் சுற்றிவர வட்டமாக அடுப்புச் சாம்பல் தூவினேன். கோபம் தலைக்கேறும் நேரம் மூக்கால் பலமாக மூச்சு விட்டேன். இதில் என்ன பிழை இருக்கிறது? நீங்களே சொல்லுங்கள்.

இப்படித் தொடங்கிய நாலாம் தடவையில், எட்டாம் நாள் யோகராசா செருமுவதை விட்டுவிட்டான்.

பன்னிரண்டாம் நாள் என் வாசல் படலையடியில் ஒரு சீப்புக் கதலி வாழைப்பழம் இருந்தது. பதினைந்தாம் நாள், கேளுங்கள், பட்டப்பகலில், யோகராசா தானே வந்து கதியாலைப் பிடுங்கி ஒரு சாண் தன் பக்கம் தள்ளி நட்டான்! நட்டுவிட்டு என் பக்கம் பார்த்து ஒரு கும்பிடும் போட்டான். எனக்குக் கண்ணை நம்ப ஏலவில்லை. சைக்கிளை மிதித்துக்கொண்டு டொக்யார்டுக்குப் பறந்தேன்.

"பாஸ்! வேலை செய்யுது! வேலி ஒரு சாண் வந்திட்டுது!"

"நல்லது. ஐயாவுக்குள்ள என்ன வந்தது?"

"எனக்குள்ள என்ன வாறது? வேலி வந்திட்டுது எண்டு சொல்லுறன்!"

தியோனிஸ் பாஸ் உளியை எடுத்துக்கொண்டு தன் வேலைக்குப் போய்விட்டார். அவருக்குக் காணி விஷயம் விளங்காது என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து நூற்றெட்டை இருநூற்றுப் பதினாறு ஆக்கினேன். பதினான்கு சாணும் வரட்டும் என்று ஒரு நப்பாசை. ஒளித்துப் பேச என்ன இருக்கிறது, அந்த ஒரு கிழமை நான் யோகராசாவுக்கு நல்லது நினைத்ததெல்லாம் மண்ணுக்காகத்தான்.

ஆனால் ஒரு பெயரை நாளுக்கு இருநூற்றுப் பதினாறு தரம் சொன்னால் ஏதோ நடக்கத்தான் செய்கிறது. இருபத்தைந்தாம் நாளளவில் எனக்கு யோகராசா தெரியத் தொடங்கினான். கதியால் இல்லாமல். ஆள் இன்னும் மெலிந்து போயிருந்தான். கண் உள்ளே போயிருந்தது. கிணற்றடியில் வாளியைப் பிடித்தபடி சும்மா நிற்பான். ஒருநாள் தோப்பூரிலிருந்து நாட்டு வைத்தியம் பார்க்கும் ஸைனுலாப்தீன் பரிசாரியார் லோஞ்சுப் படகில் வந்து அவன் வீட்டுக்குள் போவதைக் கண்டேன். பாவம், என்ன வருத்தமோ என்று எனக்குள் ஏதோ செய்தது. இது என் தலைவிதியா என்று நானே திகைத்தேன். வேலியடிக்குப் போய், எனக்குத் தெரிந்த மிக மெதுவான குரலில், "என்ன தம்பி, உடம்புக்கு ஏலாதோ?" என்று கேட்டேன்.

யோகராசா வாளியைக் கிணற்றுக்குள் விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைப் பூட்டினான்.

முப்பத்தொன்பதாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலைப் பழக்கம் முடிந்தது. இன்னும் ஒரே ஒரு நாள். நாளைக்கு மறுநாள் யோகராசாவிடம் விஷயத்தைச் சொல்லிக் கடுதாசி எழுதுவிப்பேன், அந்தக் கிழமையே புஷ்பவதி வருவாள். வீட்டைக் கூட்டினேன், விளக்கு மினுக்கினேன். அவளுக்குக் கறிவாழை விருப்பம் என்று, பெனியனைத் தோளில் போட்டுக்கொண்டு, புதிதாகக் கிடைத்த அந்த ஒரு சாண் நிலத்தில் ஒரு குட்டி வைக்கலாம் என மண்வெட்டியால் வெட்டினேன். மண்வெட்டி 'டங்' என்றது.

ஒரு மண்முட்டி. வாய்க்குத் துணி கட்டியிருந்தது. அவிழ்த்தேன். உள்ளே ஏழு தேசிக்காய், எலுமிச்சம்பழம்தான். ஒவ்வொன்றிலும் ஊசி குத்தியிருந்தது. குங்குமம், வேப்பிலை, ஒரு முட்டை. அந்த முட்டை எப்போதோ கெட்டிருந்தது.

எங்கள் பக்கத்தில் இதைக் கண்டால் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். செய்வினை! எனக்கு! ஒரு சாண் நிலம் தந்து அதற்குள் சூனியத்தைப் புதைத்திருக்கிறான்! உள்ளங்காலிலிருந்து உச்சிவரை பற்றி எரிந்தது. நான் இவனுக்கு முப்பத்தொன்பது நாள் நோய் நொடி வரக்கூடாது என்று... அட சண்டாளா! பதினான்கு வருடச் சத்தம் முழுவதும் ஒரேயடியாகத் தொண்டைக்கு ஏறியது. வாயைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகுதான் புஷ்பவதியின் ஞாபகம் வந்தது. ஒரே ஒரு நாள்! என்ன செய்வது? கைக்கு அகப்பட்டது தோளில் கிடந்த பெனியன். அதை அப்படியே வாய்க்குள் அடைத்து, பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் இரண்டும் பிதுங்கியது. பெனியனின் ருசியைப் பற்றி ஒன்றும் கேளாதீர்கள்.

அந்த நேரம் பார்த்து யோகராசா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தான். ஒரு கையில் முட்டி, மறு கையில் மண்வெட்டி, வாய்க்குள் அவனுடைய பெனியனோடு நான் நின்ற கோலத்தைக் கண்டு, "ஐயோ, என்னைத் தின்னுறார்! இராசமலர், என்னைத் தின்னுறார்!" என்று வீரிட்டான்.

அதே நிமிடம் அபாயச் சங்கு ஊதியது.

ஜப்பான்காரனோ, பழக்கத்துக்கு ஊதுகிற ஊதலோ, ஆருக்குத் தெரியும்? சங்கு ஊதினால் ஓட வேண்டும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பதுங்குகுழி. வேலி முடிகிற இடத்தில் புளியமரத்துக்குக் கீழே, 'ட' எழுத்துப் போல வளைத்து வெட்டியிருந்தது. ஒரு வாசல் வளவுப் பக்கம், மற்றது றோட்டுப் பக்கம். நான் குதித்தேன். எனக்குப் பின்னால் இராசமலர் இரண்டு கோழியோடு குதித்தாள். யோகராசாவுக்கு மேலே குண்டு, கீழே நான். கொஞ்ச நேரம் தவித்துவிட்டு அவனும் குதித்தான். றோட்டுப் பக்கத்து மூலையிலும் அபாயப் பாதுகாப்பு வார்டன் ஆரையோ அதட்டி இறக்கிவிடுகிற சத்தம் கேட்டது. பஸ்ஸால் இறங்கிய ஆளாக்கும் என்று நினைத்தேன்.

யோகராசா என் காலில் விழுந்தான்.

"அண்ணை, என்னை விட்டிடுங்கோ! வேலி முழுக்க எடுங்கோ. கிணத்தையும் எடுங்கோ. பெனியனை மட்டும் விழுங்காதேங்கோ!"

பெனியனை வாயிலிருந்து எடுத்தேன். "என்னடா உளறுறாய்? முட்டியைத் தாட்டது நீ!"

"நீங்கள் செய்த சூனியத்தை வெட்டத்தானே அண்ணை தாட்டனான்! ஒவ்வொரு நாளும் என்ர பெனியனை விரிச்சு, சாம்பல் வட்டம் போட்டு, என்ர பேர் சொல்லித் தெரியாத பாஷையில மந்திரம் ஓதினியள். முதல் ரெண்டு கிழமை நூற்றெட்டு. பிறகு ரெண்டு மடங்காக்கினியள். இராசமலர் புளியங்கொட்டை எண்ணினவ!"

"ஓம், எண்ணினனான்," என்றாள் இராசமலர் கோழியைக் கட்டிப்பிடித்தபடி. "பரிசாரியார் வந்து பாத்திட்டு, இதில ஒரு சூனியமும் இல்லை, போய் அந்த மனிசனோட கதையுங்கோ எண்டுதான் சொன்னவர். ஆர் உங்களோட வந்து கதைக்கிறது? ஆரோ சொல்லக் கேட்டு நாங்களே இரவோட இரவா உங்கட பக்கம் முட்டியைத் தாட்டம்."

அப்போது வந்தது பாருங்கள். அடக்கி வைத்த முப்பத்தொன்பது நாளும் சேர்ந்து வந்தது.

"மடையா! விசரா! அது சூனியமில்லையடா! நீ நல்லாயிருக்கோணும் எண்டு சொன்னனான்! உனக்குத் துன்பம் வரக்கூடாது எண்டு! உனக்கு வருத்தம் வரக்கூடாது எண்டு! எறும்புக் கடியில இருந்து சொன்னனான்! கேக்குதோ உனக்கு? நீ சுகமாயிருக்கோணும்! உன்ர பெண்சாதி சுகமாயிருக்கோணும்! இந்தக் கோழியள் சுகமாயிருக்கோணும்! நல்லாயிரடா, நாசமாய்ப் போவானே!"

குழியின் சுவரிலிருந்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கோழி இரண்டும் மூச்சுக் காட்டவில்லை. சங்குகூட ஓய்ந்துவிட்டது.

அந்த அமைதிக்குள்தான் எனக்கு விளங்கியது, நான் கத்திவிட்டேன். சாட்சியின் முகத்துக்கு நேரே கத்திவிட்டேன். முப்பத்தொன்பதாம் நாள். அப்படியே ஈரமண்ணில் இருந்துவிட்டேன்.

"போச்சு," என்றேன்.

யோகராசா பயந்து பயந்து கேட்டான்: "ஏன் அண்ணை நான் நல்லாயிருக்கோணும்?"

பொய் சொல்ல எனக்குத் தெம்பு இருக்கவில்லை. "புஷ்பவதி வரோணும் எண்டுதான். முதலிலை அதுக்குத்தான் துவங்கினனான். பிறகு வேலிக்கு ஆசைப்பட்டன். பிறகு, என்ன சனியனோ தெரியாது, உண்மையாவே உன்னை நினைச்சுக் கவலைப்பட்டன். இப்ப எல்லாம் போச்சு. அவ இல்லாத வீட்டில எனக்கு இருக்க ஏலாது, யோகராசா. அடுப்பைப் பாக்க ஏலாது. அவ இருக்கிற கதிரையைப் பாக்க ஏலாது. நான் கத்துறதெல்லாம் ஆராவது எனக்குப் பக்கத்தில வந்து என்னெண்டு கேக்கோணும் எண்டுதான் போலை."

"அதைக் கடுதாசியில எழுதியிருக்கலாமே?"

இதைக் கேட்டது யோகராசா இல்லை. இராசமலரும் இல்லை. குழியின் வளைவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது சத்தம். நான் நாலு கால் பாய்ச்சலில் தவழ்ந்து போய் எட்டிப் பார்த்தேன். மடியில் துணிமூட்டையோடு, தலை முழுக்க மண்ணோடு, புஷ்பவதி இருந்தாள்.

"புஷ்பம்! நீர்... நாற்பது நாள் முடியேல்லையே!"

அவள் மூட்டைக்குள்ளிருந்து ஒரு கடுதாசியை எடுத்து நீட்டினாள். தபாற்கந்தோர்க்காரனின் வடிவான எழுத்து. "அக்கா, கெதியா வாங்கோ. அண்ணை கத்துறாரில்லை. முப்பது நாளாச்சு, ஒரு சத்தமும் இல்லை. 'என்ன தம்பி, உடம்புக்கு ஏலாதோ' எண்டும் கேட்டவர். எங்களுக்குச் சரியான பயமாயிருக்கு."

"நான் பயத்தில எழுதினது அக்கா," என்றான் யோகராசா பின்னாலிருந்து. "அவர் கத்தினா எனக்குப் பயமில்லை. பதினாலு வருஷமாப் பழகிப்போச்சு. கத்தாமல் விட்டாப் பிறகுதான் நித்திரை வரேல்லை."

புஷ்பவதி சிரிக்கத் தொடங்கினாள். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணால் நீர் வடியச் சிரித்தாள். எத்தனை வருடமாக அவள் இப்படிச் சிரிக்கவில்லை என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

"இண்டைக்குக் கத்தினது?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"கத்தினதுதான். அதில மாற்றமில்லை. திரும்ப ஒண்டில இருந்து துவங்குங்கோ." மூட்டையைத் தூக்கி என் கையில் தந்தாள். "ஆனா இந்த முறை நான் வீட்டில இருந்து எண்ணுறன்."

அபாயம் நீங்கியதென்று சங்கு நீட்டி ஊதியது. ஒரு ஆகாயக் கப்பலும் வரவில்லை. நாங்கள் நாலு பேரும் இரண்டு கோழியும் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே ஏறினோம். ஏறியதும் யோகராசா தலையைச் சொறிந்தான்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. என்ர பெனியன்?"

நான் நீட்டினேன். புஷ்பவதி நடுவில் வந்து அதைப் பறித்து, மணந்து பார்த்து, முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு மாசம் வைச்சிருந்திருக்கிறியள், ஒரு தரமாவது தோய்ச்சியளே? இப்பிடியே குடுக்கப் போறியளோ? போங்கோ கிணத்தடிக்கு."

கிணற்றடிக்குப் போனேன். நாற்பத்தாறு வயதில், டொக்யார்ட் கிளாக்கர், எதிரியின் பெனியனைக் கல்லில் போட்டுச் சவர்க்காரம் போட்டேன். யோகராசா எனக்குத் தண்ணீர் அள்ளி ஊற்றினான். ஆனி மாதத்து ஊத்தை, சாம்பல், சாக்குத் தூசு, என் பல்லடையாளம் எல்லாம் கறுப்புத் தண்ணீராக வாழையடிக்கு ஓடியது. குசினிக்குள் புஷ்பவதி அடுப்பை மூட்டுகிற சத்தம் கேட்டது. ஆரும் கேட்காமல், மனதுக்குள், விட்டுப்போன முதலாவதைச் சொல்லிப் பார்த்தேன். கனகரத்தினம் சுகமாயிருக்கட்டும். ஒருவரும் சிரிக்கவில்லை.

"அண்ணை, மெதுவா அடியுங்கோ," என்றான் யோகராசா. "அந்தப் பக்கம் சரியா வெளுக்கேல்லை. கை இடுக்கையும் பாருங்கோ."

ஏறியது. உள்ளங்காலிலிருந்து நேராகத் தொண்டைக்கு ஏறியது. குசினி யன்னலில் புஷ்பவதியின் முகம் தெரிந்தது. நான் மூக்கால் ஒரு மூச்சு விட்டு, பெனியனைத் திருப்பிப் போட்டு, கை இடுக்கைத் தேய்த்தேன். யோகராசா சுகமாயிருக்கட்டும் என்று வாய்க்குள் சொன்னேன். தமிழிலேயே வந்தது.